மக்கள் தொடர்புப் பயிற்சிக்கு மொபைலா, கேமராவா?

மக்கள் தொடர்புப் பணியில் இருப்பவர்களுக்குப் பல்லூடக இதழியல் கற்றுக்கொடுக்கும்போது கையில் எதைக் கொடுப்பது? இரண்டையும் வைத்து வகுப்பு நடத்திய பிறகு எங்கள் தேர்வு மொபைல்தான். படத் தரத்தில் கேமரா முந்தும். தூரத்து மேடை, மங்கலான அரங்கம், அச்சுக்குப் போகும் பெரிய புகைப்படம் ஆகியவற்றுக்கு மொபைல் ஈடாகாது.

ஆனால் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: எடுத்ததை எடிட் செய்து பார்க்க ஆகும் நேரம். ஷாட் மூன்று விநாடியில் முடிந்துவிட்டது, கை ஆடிவிட்டது, பேட்டியின் வெட்டை மறைக்க வேறு காட்சியே இல்லை என்பதெல்லாம் எடிட்டிங் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசைப்படுத்தும் பட்டையில்) வைக்கும்போதுதான் உறைக்கும். உறைத்த கையோடு எழுந்துபோய்த் திரும்ப எடுத்தால் பாடம் பதியும். மறுநாள் எடுத்தால் பாதி மறந்திருக்கும்.

கேமராவில் இந்தச் சுற்று நீளம். கார்டைக் கழற்றி, கணினியில் நகலெடுத்து, ஃபோல்டருக்குப் பெயரிட்டு, ப்ராஜெக்ட் திறக்க வேண்டும். இடையில் யாராவது ஃபோல்டரை இடம் மாற்றினால் கிளிப் காணவில்லை என்று மென்பொருள் நின்றுவிடும். வகுப்பு அதைத் தேடுவதிலேயே கரையும். மொபைலில் எடுத்த கருவியிலேயே வெட்டலாம். நாங்கள் கொடுக்கும் பயிற்சி எளிது: ஒருவர் வேலை செய்வதை ஐந்து ஷாட்டில் எடுக்க வேண்டும். கை, முகம், முழுக் காட்சி, தோளுக்குப் பின்னாலிருந்து, பிறகு வழக்கத்துக்கு மாறான ஒரு கோணம். ஒவ்வொன்றும் 10 விநாடி அசையாமல். அதை 30 விநாடியாக வெட்ட வேண்டும். மொபைலில் அரை நாளுக்குள் இதை இரண்டு மூன்று முறை செய்துவிடலாம். கேமராவில் ஒரு முறை முடிவதே பெரும்பாடு.

மொபைலின் தொல்லைகளும் உண்டு. முதலில் ஒலி. காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். 3.5 மிமீ பிளக்கில் கேமரா மைக்குக்கு இரண்டு கறுப்பு வளையம், மொபைல் துளைக்குப் போகும் மைக்குக்கு மூன்று. மாற்றிச் செருகினால் மொபைல் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யக்கூடும். அதனால் பேட்டிக்கு முன் மைக்கை நகத்தால் சுரண்டி 10 விநாடி பதிந்து, ஹெட்போனில் கேட்டே ஆக வேண்டும். அழைப்பு வந்து பதிவு அறுபடாமல் இருக்க ஏரோப்ளேன் மோட். திரையில் தெரியும் முகத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவையும்) பூட்டாவிட்டால், பின்னால் ஜன்னல் இருக்கும்போது வெளிச்சம் ஏறி இறங்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு மினுங்கினால் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள்.

மொபைலில் சேமிப்பு இடமும் பார்க்க வேண்டும். ஐபோனின் ஹெச்இவிசி என்ற சுருக்க வடிவில் 4கே, விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, 1080பி என்றால் சுமார் 60. பயிற்சிக்கு 1080பி தாராளம். நீண்ட பேட்டியைக் கணினிக்குக் கொண்டுபோனால் போகப் போக உதடும் ஒலியும் விலகலாம். மொபைல் ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள்.

மக்கள் தொடர்புக்கு உரிய பாடம் இதற்குப் பிறகுதான். ஒரே காட்சியிலிருந்து இரண்டு வடிவம் வேண்டும். நிறுவனத்தின் சொந்தப் பக்கத்துக்கு லோகோவும் எழுத்துமாக ஒன்று. செய்தி அறைக்கு இசை, எழுத்து, லோகோ எதுவும் இல்லாத, இயல்பொலியோடு (எடுத்த இடத்தில் கேட்ட ஒலியோடு) கூடிய காட்சிகள். கூடவே 10 முதல் 20 விநாடிக் கருத்து, பேசுபவரின் பெயர், பதவி, இடம், தேதி ஆகியவை தனி எழுத்துக் கோப்பில். லோகோ பதித்த வீடியோவைச் செய்தி ஆசிரியர் பெரும்பாலும் தொடமாட்டார். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் சுருங்கும். டாக்குமென்டாகவோ பதிவிறக்க இணைப்பாகவோ அனுப்புங்கள். புகைப்படம் ஜேபெக்கில் போகட்டும்.

தலைவரின் நான்கு நிமிடப் பேச்சைப் பொருள் திரியாமல் 15 விநாடிக்கு வெட்டுவதுதான் மக்கள் தொடர்புப் பணியாளர்களுக்கு மிகக் கடினம். அதற்கு எந்தக் கருவியும் உதவாது. திரும்பத் திரும்ப வெட்டிப் பார்க்கும் வாய்ப்பு மட்டுமே உதவும்.

எங்கள் வகுப்புகள் சிறிய செய்தி வீடியோவைச் சுற்றியவை. நேரலைக்கோ ஆவணப்படத்துக்கோ இந்த முடிவை அப்படியே நீட்டச் சொல்லமாட்டோம். வாரந்தோறும் மேடை நிகழ்ச்சி எடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு கேமரா அவசியம். மற்றவர்கள் முதலில் மைக், அடுத்து ட்ரைபாட் வாங்கட்டும். பணம் மிஞ்சினால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேமரா போதும்.