ஆன்டெனா மாற்றப் போய் 3,750 ரூபாய் போச்சு, கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3,750 ரூபாய். சிலருக்கு இது ஒரு தொகையே இல்லாமல் இருக்கலாம். எங்கள் வீட்டில் இது அப்பாவின் கண் சொட்டு மருந்துக்கு ஒதுக்கி வைக்கிற பணம். வேறு யாரும் இப்படி ஏமாறக்கூடாது என்றுதான் நடந்ததை எழுதுகிறேன். ஆன்டெனா மாற்றிய பிறகு ரேடியோ எடுக்கவில்லை என்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் சாத்தூர். 2013 மாடல் வேகன் ஆர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர். மாதம் இரண்டு தடவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பார்வை மங்கிய பிறகு அவருக்குப் பேப்பர் இல்லை, டிவி இல்லை, எல்லாமே ரேடியோதான். வண்டியில் ஏறி பெல்ட் போட்டதும் "கோடையைப் போடுப்பா" என்பார். கொடைக்கானலில் இருந்து வருகிற கோடை பண்பலை, 100.5. போகும்போதும் வரும்போதும் அதுதான் ஓடும். பழைய பாட்டு வந்தால் விரலால் டேஷ்போர்டில் தாளம் போட்டுக்கொண்டே வருவார்.

இரண்டு மாதம் முன்னால் ஷட்டரை முழுசாக ஏற்றாமல் வண்டியை உள்ளே விட்டதில் கூரை மேல் இருந்த ஆன்டெனாக் கம்பி இடித்து அடியோடு முறிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான். அடுத்த தடவை மதுரை போனபோது அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு கார் டெக்கார் கடையில் நிறுத்தினேன். சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்டீரியோ எல்லாம் போடுகிற கடை. பெயர் சொல்லவில்லை. பளபளவென்று கண்ணாடி ஷோகேஸ், வாசலில் நாலு வண்டி நின்றது. நாலு வண்டி நிற்கிற கடையில் ஏமாற்ற மாட்டார்கள் என்று நம்பிவிட்டேன்.

"இந்த மாடலுக்குக் கம்பி வர்றதையே நிப்பாட்டிட்டாங்க சார்" என்றார் கடைக்காரர். நான் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். சுறா துடுப்பு மாதிரி இருக்குமே, ஷார்க் ஃபின், அது. "உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கு, பெரிய வண்டிகள்ல வர்ற ஒரிஜினல். பழைய கம்பியைவிட டபுள் மடங்கு இழுக்கும்." விலை 2,850. குறைத்துக் கேட்டேன். அப்பாவைக் காட்டி, "பெரியவரை வச்சுக்கிட்டு நான் பொய் சொல்வேனா சார்?" என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அப்பாவும் பின் சீட்டில் இருந்து, "நல்ல பையனா பேசுறாப்ல, போட்டுரு" என்றார்.

பத்தே நிமிஷத்தில் ஒரு பையன் கூரை மேல் அதை ஒட்டிவிட்டான். கடைக்காரரே உள்ளே உட்கார்ந்து ரேடியோவைப் போட்டுக் காட்டினார். சூரியன் எஃப்எம் 93.5, கணீரென்று வந்தது. இன்னொரு ஸ்டேஷன், அதுவும் கணீர். "பாத்தீங்களா சார்?" நான் பார்த்தேன், பணத்தை ஜிபே பண்ணினேன், கிளம்பினேன். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் 2,850 என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்.

இதில்தான் ஏமாற்று வேலையே இருக்கிறது, நன்றாகக் கவனியுங்கள். மதுரைக்குள் நின்றுகொண்டு மதுரை ஸ்டேஷனைப் போட்டுப் பார்த்தால் எந்த ஆன்டெனாவும் எடுக்கும். ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் ஓரளவு எடுக்கும். ஊருக்குள்ளேயே ஒலிபரப்புக் கோபுரம், சிக்னல் அவ்வளவு பலமாக இருக்கும். 100.5-ஐப் போட்டுக் காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

திருமங்கலம் வரை 100.5 சுமாராக வந்தது. கள்ளிக்குடி தாண்டியதும் கரகரப்பு. விருதுநகர் பாலத்தில் ஏறும்போது பாட்டு பாதி, இரைச்சல் பாதி. சாத்தூர் வந்து சேரும்போது வெறும் இரைச்சல்தான். அப்பா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டித் தடவி வால்யூமைக் குறைத்தார்.

மறுநாள் போன் பண்ணினேன். "புது ஆன்டெனா சார், ரெண்டு நாள் ஓடுனாத்தான் செட் ஆகும்." ஆன்டெனா என்ன எஞ்சினா, ஓடி ஓடிச் செட் ஆவதற்கு? எனக்கு அப்போது தெரியவில்லை, சரி என்று வைத்துவிட்டேன். நாலு நாள் கழித்துக் கூப்பிட்டால், "உங்க ஊர்ப்பக்கம் டவர் கம்மி சார்." பழைய கம்பி இருந்தவரை எங்கள் வீட்டு வாசலிலேயே தெளிவாகக் கேட்ட ஸ்டேஷனய்யா அது! கொடைக்கானல் மலை கிட்டத்தட்ட 7,000 அடி உயரம். எஃப்எம் அலை நேர்கோட்டில் போகிற அலை, அதனால்தான் அந்த உயரத்தில் இருந்து விடுவது இத்தனை மாவட்டத்துக்கு எட்டுகிறது. அதை எங்கள் ஊரில் டவர் இல்லை என்கிறார்.

அடுத்த தடவை மதுரை போனபோது நேரில் போய் நின்றேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார். அப்பா வெயிலில் வண்டிக்குள்ளேயே இருந்தார். அப்புறம் வந்து, "பழைய வண்டி சார், ஒயர் வீக்கா இருக்கும், ஒரு பூஸ்டர் போட்டா சரியாயிரும்" என்றார். 900 ரூபாய். ஏற்கெனவே 2,850 போட்டாகிவிட்டது, இதையும் போட்டால் அப்பாவுக்குப் பாட்டு வரும் என்று நினைத்து அதையும் கொடுத்தேன். மொத்தம் 3,750. திரும்பவும் அதே 93.5, அதே "பாத்தீங்களா சார்?" இந்தத் தடவை திருமங்கலம்கூடத் தாண்டவில்லை, கப்பலூர் டோல்கேட்டிலேயே 100.5 கரகரக்க ஆரம்பித்துவிட்டது. முன்னைவிட மோசம்.

அதற்குப் பிறகு போனில் கிடைத்த பதில்: "அப்ப செட்டுதான் போயிருச்சு சார். ஆண்ட்ராய்டு செட்டு போட்டுருங்க, 8,500, பழைய செட்டுக்கு 300 கழிச்சுக்கிறேன்." முடியாது, என் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை இங்கே எழுதுவதற்கே மனம் கூசுகிறது. "பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்கும் சார், நல்லா விசாரிச்சுப் பாருங்க." கண் தெரியாத மனுஷனுக்குக் காதுதான் மிச்சம் இருக்கிறது. அதையும் குறை சொல்லிவிட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அன்றிலிருந்து வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. என் நம்பரில் இருந்து அடித்தால் லைன் போவதில்லை. என் மனைவி நம்பரில் இருந்து அடித்தால் முதல் ரிங்கிலேயே எடுத்து "சொல்லுங்க மேடம்" என்கிறார்.

நேற்று எங்கள் ஊரிலேயே, டிவி ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் கூரைப் பக்கம் போகவே இல்லை. முதலில் செட்டைக் கழற்றி வெளியே இழுத்தார். பின்னால் சொருகியிருந்த ஆன்டெனா ஒயரை உருவினார். மேஜையில் கிடந்த ஒரு துண்டுக் கம்பியை எடுத்து முழத்தால் அளந்து, ஒன்றரை முழத்துக்குக் கொஞ்சம் கூட விட்டு வெட்டி, நுனியைச் சுரண்டி அந்த ஓட்டையின் நடுவில் சொருகினார். கம்பியின் மறுமுனையைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டு 100.5-ஐத் திருப்பினார். பாட்டு வந்தது. சாத்தூரில், கடைத்தெருவில், சாதாரண ஒயரில், அவ்வளவு தெளிவாக. அப்பா சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செட்டுல ஒரு குறையும் இல்ல தம்பி" என்றார். எஃப்எம் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டராம். அதில் கால் பாகம், 75 சென்டிமீட்டர் ஒயர் இருந்தால் நன்றாகப் பிடிக்குமாம். வண்டியில் வருகிற குட்டைக் கம்பிக்குள்ளும் மெல்லிய கம்பியைச் சுருளாகச் சுற்றித்தான் அந்த நீளத்தை ஈடுகட்டியிருப்பார்களாம். ஷார்க் ஃபின் அதைவிடக் குட்டை. உள்ளே உண்மையிலேயே ஆம்ப்ளிஃபையர் இருந்து, அதற்கு செட்டில் இருந்து 12 வோல்ட் போனால்தான் அது வேலை செய்யும் என்றார்.

அப்புறம் பூஸ்டரைக் காட்டினார். தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. ஆன்டெனா ஒயருக்கு நடுவே சொருகியிருந்தது. அதில் இருந்து ஒரு சிவப்பு ஒயர் வருகிறது, கரண்ட் எடுக்க வேண்டிய ஒயர். அதன் நுனியில் கறுப்பு டேப்பைச் சுற்றி அப்படியே தொங்க விட்டிருந்தார்கள். எதிலும் சேர்க்கவே இல்லை! கரண்ட் இல்லாத பூஸ்டர் சிக்னலைக் கூட்டாது, வருவதையும் மறித்துவிடும். 900 ரூபாய் கொடுத்த பிறகு ஏன் முன்னைவிட மோசமானது என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகுதான் கூரைக்குப் போனார். தையல் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஃபின்னுக்கு அடியில் விட்டு அறுத்தார், ஐந்து நிமிஷத்தில் கையோடு வந்துவிட்டது. வெறும் டபுள் டேப்பில் ஒட்டியிருக்கிறார்கள். கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு அட்டை, அதன் மேல் ஒரு செம்புக் கோடு. அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபையர் கிடையாது. அட்டையில் இருந்து முடி மாதிரி ஒரு ஒயர், அதன் நுனியில் ஒரு வளையம். அந்த வளையத்தைப் பழைய ஆன்டெனா அடியில் இருக்கிற திருகில் மாட்ட வேண்டும். அதைக்கூட மாட்டவில்லை, மடக்கி உள்ளே திணித்துவிட்டு மேலே மூடியை ஒட்டிவிட்டார்கள். பத்து நிமிஷ வேலையில் ஒரு திருகை முடுக்க அரை நிமிஷம் ஆகுமா? இரண்டு மாதமாக எங்கள் வண்டியில் ஆன்டெனாவே இல்லை. நான் 3,750 ரூபாய் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் மூடியை வாங்கியிருக்கிறேன். இது வெளியே 250, 300 ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான் என்றார்.

மல்டிமீட்டர் வைத்து ஒயரையும் பார்த்தார், தொடுகிற இரண்டு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் அது பீப் அடிக்கும். கூரைத் திருகுக்கும் செட் பக்கத்து நடு ஊசிக்கும் பீப் அடித்தது, அடிக்க வேண்டும். நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் அடிக்கவில்லை, அடிக்கக் கூடாது. வெளி வளையத்துக்கும் வண்டி பாடிக்கும் அடித்தது, எர்த் சரி. ஆக, "ஒயர் வீக்" என்றதும் பொய். பூஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, திருகில் இருந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கம்பியை முடுக்கினார். நிப்பாட்டிவிட்டார்கள் என்று சொன்ன அதே கம்பி, அடுத்த தெரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் 220 ரூபாய். அவர் கூலி 150. மொத்தம் 370 ரூபாயில் முடிந்த வேலைக்கு 3,750 ரூபாய் அழுதிருக்கிறேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடு என்று தங்கை சொல்கிறாள். கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் கையில் பில் இல்லை, பேனாவால் எழுதிய கார்டும் ஜிபே கணக்கும்தான் இருக்கிறது. பிடுங்கிய மூடியையும் பூஸ்டரையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். இதற்கு மேல் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடை வாசலில் உள்ளூர் ஸ்டேஷனைப் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். தூரத்து ஸ்டேஷன் ஒன்றைச் சொல்லிப் போடச் சொல்லுங்கள், முடிந்தால் ஊருக்கு வெளியே பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் ஃபின்னைக் கவிழ்த்து உள்ளே காட்டச் சொல்லுங்கள், டேப்பை உரித்து ஒட்டுவது மட்டும்தான் வேலை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பூஸ்டர் என்று சொன்னால் கரண்ட் ஒயரை எதில் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். செட் போய்விட்டது என்று சொன்னால் அந்த முக்கால் மீட்டர் ஒயரைச் சொருகிப் பார்க்காமல் புது செட் வாங்காதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வியாழக்கிழமை அப்பாவுக்கு மறுபடியும் மதுரையில் செக்கப். அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். கடை வாசலில் வண்டியை நிறுத்தி, வந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் அந்த மூடியைக் கவிழ்த்து ஷோகேஸ் மேல் வைக்கப் போகிறேன்.