ஆயிரம் ரூபாய்க்குள்ள வர்ற ஓபிடி ஸ்கேனர்: கோடு நம்பரை விடுங்க, லைவ் டேட்டாவைப் பாருங்க

இஎல்எம் 327னு ஆன்லைன்ல தேடுனா ஆயிரம் ரூபாய்க்குள்ள தீப்பெட்டி சைஸ்ல ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வருமுங்க, கார் கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச கோளாறு கோடு நம்பரையும், சென்சாருங்க அப்பப்ப சொல்ற லைவ் டேட்டாவையும் போன்ல காட்டும், அதைத்தான் வாங்குனேன். ஒரிஜினல் சிப் பண்ணுனது கனடா கம்பெனி, அதையே 2022ல மூடிட்டாங்க, இப்ப கடைல சுத்தறது முக்கால்வாசி காப்பிதான். காப்பிலயும் வெர்ஷன் 1.5 பரவால்ல, 2.1னு போட்டு வர்றது பல கமாண்டுக்கு பதிலே சொல்லாம முழிக்கும், நம்பர் பெருசா இருக்குதேன்னு எடுத்துராதீங்க. ஐபோன் வச்சிருந்தா சாதா ப்ளூடூத் ஆகாது, வைஃபையோ பிஎல்இயோ (ப்ளூடூத் லோ எனர்ஜி) இருக்கற மாடல்தான் வாங்கோணும்.

ஸ்டியரிங்குக்கு கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், அதுல சொருகி போன்ல ஆப் போட்டா அவ்வளவுதான். 2013 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த காருங்கன்னா நம்மூர்ல ஓபிடி 2 இருக்குமுங்க, அதுக்கு முந்துனதுன்னா வண்டிய பொறுத்து.

இப்ப மேட்டருக்கு வர்றேன். நம்ம பெட்ரோல் கார்ல செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது, திருப்பூர்ல ஒரு ஒர்க்ஷாப்ல காட்டுனா கோடு பி0171, லீன் மிக்ஸ்சர், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி, ஆக்ஸிஜன் சென்சார் போச்சு மாத்தோணும்னு சொல்லி நெம்ப பெரிய எஸ்டிமேட் போட்டு குடுத்துட்டாங்க. கோடு என்னமோ அதேதான் இந்த ஸ்கேனர்லயும் வந்துச்சு, ஆனா லைவ் டேட்டால லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம்னு ஒண்ணு இருக்கு பாருங்க, கம்ப்யூட்டர் வழக்கத்தை விட எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் கொறச்சு விடுதுங்கற கணக்கு, அது ஐடில்ல (ஆக்ஸிலேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடறப்ப) 20 பர்சண்ட்டுக்கு மேல நிக்குது, 2500 ஆர்பிஎம் புடிச்சா 5க்கு கீழ இறங்கிருது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு பெருந்துறைல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாகிட்ட போயி, "ஏனுங்ணா, சென்சார் போச்சுங்கறாங்களே?"ன்னு கேட்டேன். அவரு பாத்துட்டு, "சென்சார் நல்லா இருக்கறதாலதான் கண்ணு லைட்டே எரியுது, எங்கியோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது"ன்னாரு.

ஐடில்ல இன்ஜின் இழுக்கற காத்தே கம்மி, அதுல ஓட்டை வழியா வர்ற காத்து பெரிய பங்கு, ஆர்பிஎம் ஏறுனா அதே ஓட்டை ஒண்ணுமில்லாம போயிரும். இதே ட்ரிம் லோடுல எச்சாச்சுன்னா ஃப்யூல் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படோணும். இன்டேக் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா கார்ப் க்ளீனர் அடிச்சுட்டே வந்தாரு, பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய இன்டேக்குக்கு கொண்டு போற ரப்பர் குழாய்) கிட்ட வந்ததும் இன்ஜின் சத்தம் மாறுச்சு, கழட்டி வளைச்சா அடிப்பக்கம் நீளமா வெடிச்சிருக்குது. ஹோஸ் மாத்துனதோட ட்ரிம் ஒழுங்காயிருச்சு, சென்சார் பழசேதான். (சூடான இன்ஜின்ல அந்த ஸ்ப்ரே தீப்புடிக்கும், நீங்களா அடிக்காதீங்க சாமி.) நம்மது எம்ஏஎஃப் சென்சார் வண்டி, உள்ள போற காத்தோட அளவையே அளக்கறது, அதனால இவ்வளவு தெளிவா தெரிஞ்சுது, இன்டேக் அழுத்தத்தை அளக்கற எம்ஏபி வண்டில லீக் இருந்தா பல நேரம் ட்ரிம் கம்முனு இருந்துட்டு ஐடில் மட்டும் ஏறும்.

பி0420க்கும் இதேதாங்க, பொகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைங்கற கோடு அது. உடனே கன்வெர்ட்டரையே மாத்தோணும்னு கெளப்புவாங்க, அது சாமானிய வெலையா? கன்வெர்ட்டருக்கு முன்னாடி இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஆடோணும், பின்னாடி சென்சார் 0.6, 0.7கிட்ட அசையாம நிக்கோணும், பின்னாடியும் கூடவே ஆடுச்சுன்னாத்தான் கன்வெர்ட்டர் மேல சந்தேகம், அப்பவும் சைலன்சர் பைப்புல லீக் இருக்குதான்னு மொதல்ல பாத்துருங்க. லைட் விட்டு விட்டு மின்னுச்சுன்னா அது மிஸ்ஃபயர், எரியாத பெட்ரோல் போயி கன்வெர்ட்டரையே பொசுக்கிரும், அதோட வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு ஏறலாம்னு நெனைக்காதீங்க.

ஆப்ல க்ளியர் பட்டன் இருக்கும், கை அரிக்கும். அமுக்குனா ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது கோடு விழுந்தப்ப இருந்த ஸ்பீடு, சூடு, லோடு எல்லாம் ஒட்டுக்கா அழிஞ்சிரும், அப்பறம் மெக்கானிக் எதை வச்சு பாப்பாரு? ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அமுக்குங்க. பொகை சர்ட்டிபிகேட் பாஸாயிருச்சே, அப்பறம் என்னன்னு விடறதும் தப்புங்க, அங்க சைலன்சர்ல குழாய விட்டுத்தான் பாக்கறாங்க, கோடை படிக்கறதில்ல.

பிஎஸ்6 டீசல்காரங்களுக்கு இது அவ்வளவா பிரயோஜனமில்ல. மச்சான் வண்டில டிபிஎஃப் (டீசல் பொகைல இருக்கற கரிய புடிக்கற ஃபில்டர்) லைட் வந்துச்சு, உள்ள எவ்வளவு கரி சேந்திருக்குதுன்னு சாதாரண ஆப் காட்டவே இல்ல, அதுக்கு அந்தந்த கம்பெனி டேட்டா வேணும். டவுனுக்குள்ளயே ஓட்டுனா அப்படித்தான் அடைச்சுக்கும், அவினாசில இருந்து பெருந்துறை வரைக்கும் பைபாஸ்ல ஒரே சீரா ஓட்டுன பொறவுதான் லைட் போச்சு. ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டெல்லாம் இதுல எதிர்பாக்காதீங்க.

என் மார்க் 5க்கு மூணரை, ப்ளூடூத் நடுநடுவுல கழண்டுக்குது, அதான். வண்டிய நிறுத்துனதும் மறக்காம புடுங்கி டேஷ்போர்டுல போட்டுருங்க, சாவி எடுத்தாலும் அந்த சாக்கெட்டுல கரண்ட் இருந்துட்டே இருக்கும், ஊருக்கு போயிட்டு வந்து பாத்தா பேட்டரி படுத்திருக்கும்.