விஸ்கான்சின் மான் கழிவுத் தொட்டிகள்: சேவை எப்படி?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வேட்டையாடிய மானை வெட்டிக் கறி எடுத்தபின் எலும்பையும் தோலையும் சாலையோரப் பள்ளத்திலோ பொதுக் காட்டிலோ ஏரியிலோ வீசினால், குப்பை கொட்டிய குற்றத்துக்கு 500 டாலர் வரை அபராதம்; நீதிமன்றச் செலவு தனி. வீசாமல் போட ஓர் இடம் வேண்டுமே என்று மாநில இயற்கை வளத் துறை நடத்துவதுதான் தொட்டியைத் தத்தெடுக்கும் திட்டம். வேட்டைக் கழகங்கள், ஊராட்சிகள், கடைக்காரர்கள் பொறுப்பேற்று, மான் கழிவுக்கென்றே பெரிய இரும்புத் தொட்டி வைக்கிறார்கள். இடங்கள் துறையின் இணைய வரைபடத்தில் இருக்கும்.

இதன் அருமை நாற்றத்தைத் தடுப்பதில் மட்டும் இல்லை. 2002இல் இங்கே கண்டறியப்பட்ட சி.டபிள்யூ.டி. என்னும் மான் நோய்க்குக் காரணம் பிரியான் என்னும், வடிவம் கெட்ட ஒரு புரதம். வேகவைத்தாலும் அது அழியாது. களிமண்ணில் இறுக ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தொற்றும் வீரியத்தோடு கிடக்கும். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர் முடிச்சுகளில் அதிகம். அப்படிப்பட்ட முதுகெலும்பை நரியும் காக்கையும் இழுத்துப்போனால் புது இடத்து மண்ணும் கெடும். தொட்டியில் விழுந்தது அடியில் களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் இட்ட குப்பைக் கிடங்கில் புதைகிறது. மற்ற மான்கள் அங்கே வாய்வைக்க வழியில்லை. நோய் பரவுவதால் வரும் சேதத்தோடு ஒப்பிட்டால் 500 டாலர் மிகக் குறைவு என்பது எங்கள் கருத்து.

பயன்படுத்தும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். கட்டுமான வேலைக்கு விற்கும் தடித்த கறுப்புப் பையை இரட்டையாகப் போடுங்கள். சாதாரணச் சமையலறைப் பை விலா எலும்பு குத்தியதும் கிழிந்து, ரத்தம் வண்டியிலேயே ஒழுகும். கால்களை முட்டியில் அறுத்துத் தனியாகப் போட்டால் பை தாங்கும். வீட்டுக் குப்பையைச் சேர்க்கவே கூடாது. அதைச் சேர்த்தால் அள்ளிச் செல்லும் நிறுவனம் மறுக்கும், அடுத்த ஆண்டு அந்த ஊருக்குத் தொட்டியே வராமல் போகலாம். தொட்டி நிரம்பியிருந்தால் பக்கத்தில் வைத்துவிட்டு வருவதும் கொட்டியதாகத்தான் கணக்கு. அடுத்த தொட்டிக்கோ நேரே கிடங்குக்கோ கொண்டுபோங்கள்.

சி.டபிள்யூ.டி. பரிசோதனைக்குத் தலை கொடுப்பவர்கள் அதைத் தொட்டியில் போடாமல், தலைகளைச் சேகரிக்கும் மாதிரிப் பெட்டியைத் தேடவேண்டும். தாடையை ஒட்டி அறுத்தால் தொண்டைக்குப் பின்னாலிருக்கும் நிணநீர் முடிச்சு சிதைந்து மாதிரி வீணாகும். கழுத்தில் நாலைந்து அங்குலம் சேர்த்து அறுங்கள். கறிப் பொட்டலங்களில் மாதிரி எண்ணை எழுதி உறையவையுங்கள். முடிவு பாசிட்டிவ் என்றால் எந்தப் பொட்டலத்தை எறிவது என்று தெரிய அதுதான் வழி. அந்தக் கறியும் கிடங்குக்கே.

பெரிய குறை, காலம். வில் வேட்டை செப்டம்பர் நடுவிலேயே தொடங்குகிறது. தொட்டிகள் பெரும்பாலும் நவம்பர் துப்பாக்கிப் பருவத்தை ஒட்டித்தான் வருகின்றன. வெயில் இருக்கும், ஈ மொய்க்கும் அந்த வாரங்களில்தான் சாலையோரத்தில் வீசும் ஆசை அதிகம். தொட்டி கிடைக்காதவர்களுக்குக் கடைசி வழி ஒன்று உண்டு: தனியார் நிலத்தில் சுட்ட மான் என்றால், உரிமையாளர் சம்மதத்தோடு அதே நிலத்தில் ஆழமாகப் புதைக்கலாம். வேறு மாவட்டத்துக்கு மட்டும் கொண்டுபோய்ப் புதைக்காதீர்கள்.