டெக் போடுகிறவர்கள் கவனத்துக்கு: ஹேங்கரில் அடிக்கும் ஆணியைப் பாருங்கள்

வீட்டுக்குப் பின்னால் மரத்தாலான டெக் (தரையிலிருந்து உயர்த்திப் போடும் பலகைத் தளம்) போட ஒரு காண்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்தேன். கனெக்டர் ஆணிக்கென்று (கட்டைகளைத் தாங்கும் இரும்புப் பிடிகளான ஹேங்கர்களில் அடிக்கிற தடித்த ஆணி) பில்லில் தனி வரியே போட்டுக் காசு வாங்கினார். அடித்தது வேறு.

ஒரு மழைக்காலம் போனதும், ஓரமாக நடந்தால் தளம் லேசாக அமுங்கியது. டார்ச்சோடு அடியில் புகுந்து பார்த்தேன். மேல் பலகைகளுக்கு அடியில் ஓடும் ஜாய்ஸ்ட் கட்டைகளைத் தாங்கும் இரும்பு ஹேங்கர்களில் கறுப்புத் தலைகள். ஜிப்சம் போர்டு மாட்டுகிற டிரைவால் ஸ்க்ரூ! ஒன்றைத் திருகிப் பார்த்தேன், தலை மட்டும் தனியாகக் கழன்று வந்தது. சில ஹேங்கர்களில் கூரைக்கு அடிக்கிற குட்டை ஆணி. பாதி ஓட்டைகள் காலி.

கேட்டதற்கு, "ஆணியை விட ஸ்க்ரூ நல்லாப் பிடிக்கும் சார்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஸ்க்ரூ சுலபமாகப் பிடுங்கிக்கொண்டு வராது, உண்மை. ஆனால் ஹேங்கரில் யாரும் ஆணியைப் பிடுங்குவதில்லை. மேலே நிற்பவர்களின் எடை கீழ்நோக்கி அழுத்தி, ஆணியைக் குறுக்கே வெட்டப் பார்க்கிறது. தடித்த ஆணி முதலில் வளைந்து கொடுக்கும். டிரைவால் ஸ்க்ரூ ஒல்லி, கடினமாக்கிய எஃகு வேறு, பட்டென்று ஒடிந்துவிடும். ஸ்க்ரூவே வேண்டுமென்றால், ஹேங்கர் தயாரிப்பாளரே அதற்கென்று அனுமதித்த ஸ்க்ரூ மட்டும்தான்.

ஆணியிலும் அளவு உண்டு. பல ஹேங்கர்களுக்கு 0.148 அல்லது 0.162 அங்குலத் தடிமன் கேட்பார்கள். எந்த ஹேங்கருக்கு எது என்பது தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். ஆணியின் நீளத்தில் ஏமாற்ற வசதியான இடம் ஒன்று இருக்கிறது. சில ஹேங்கர்களில் பக்கவாட்டு ஓட்டைகள் சாய்வாக இருக்கும். அங்கே அடிக்கிற ஆணி ஜாய்ஸ்டைக் குறுக்கே துளைத்துப் பின்னால் இருக்கும் கட்டைக்குள் இறங்க வேண்டும். அதற்கு 3 அங்குல ஆணியாவது வேண்டும். ஒன்றரை அங்குல ஆணி ஜாய்ஸ்டுக்குள்ளேயே நின்றுவிடும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நல்ல கனெக்டர் ஆணிகள் பலவற்றில் தலையிலேயே அளவுக்கான குறி பதிந்திருக்கும், அதைத் தேடுங்கள்.

அப்புறம் துரு. பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் செம்பு கலந்திருக்கும். ஈரம் பட்டால் அது வெறும் இரும்பைத் தின்றுவிடும், மெல்லிய பூச்சும் அதிக நாள் நிற்காது. சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணிதான் வெளியில் தாங்கும். கடலோரம் என்றால் ஸ்டெயின்லெஸ் ஆணி, ஹேங்கரும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே.

என் விஷயத்தில், ஒடிந்த ஸ்க்ரூத் துண்டுகள் ஓட்டைகளை அடைத்துக்கொண்டதால் வேறு ஆளை வைத்து ஹேங்கர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. பழையவர் இப்போது போனை எடுப்பதில்லை. உங்கள் வீட்டில் வேலை நடக்கிறது என்றால், மேல் பலகை மூடும் முன் ஒவ்வொரு ஹேங்கரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஆணிப் பெட்டியின் லேபிளையும் சேர்த்து. கடைசித் தவணைப் பணம் அதுவரை உங்கள் கையில் இருக்கட்டும்.