டையின் முதுகுத் தையல்: மெஷினா, கையா?

வீட்டில் டை தைக்கிறவர்கள் பெரும்பாலும் துணியைப் பற்றித்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். டையின் ஆயுள் உண்மையில் முதுகில் ஓடும் நீளத் தையலில்தான் இருக்கிறது. அதை மெஷினில் அடித்துத் திருப்புவது ஒரு வழி, மடித்து வைத்துக் கையால் பிடிப்பது இன்னொரு வழி. இரண்டு முறையிலும் தைத்துக் கட்டிப் பார்த்தபின் என் ஓட்டு கைத்தையலுக்குத்தான்.

வெட்டும் விதம் இரண்டுக்கும் ஒன்றே. துணி சரியாக 45 டிகிரி கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, இருக்க வேண்டும். டைக்கு உடல் கொடுக்க உள்ளே வைக்கும் துணியான இன்டர்லைனிங்கும் கிராஸில்தான். அகல முனை, கழுத்து, குறுகிய முனை என்று மூன்று துண்டாக வெட்டி இணைக்கும் முறையை 1920-களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் காப்புரிமை பெற்று நிலைநிறுத்தினார். இன்றும் பெரும்பாலான டைகள் அப்படித்தான். முடிந்த நீளம் 145 முதல் 150 செ.மீ. அகல முனை 8.5 செ.மீ. வேண்டுமென்றால் துணியை அந்த இடத்தில் 19 அல்லது 20 செ.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். துண்டுகளை இணைக்கும் தையலும் முனைகளின் பின்பக்கம் வைக்கும் லைனிங்கும் தயங்காமல் மெஷினுக்குப் போகலாம். லைனிங்கை மட்டும் சுற்றிலும் 2 மி.மீ. சிறிதாக வெட்டினால் முன்பக்கம் எட்டிப் பார்க்காது.

மெஷின் முறையின் பலம் வேகம். நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, நீளவாக்கில் ஒரே ஓட்டம், பிறகு குழாயைத் திருப்பி, தையல் முதுகின் நடுவில் வரும்படி தேய்த்தால் ஐந்து, பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தையல் கோடும் கோணாமல் இருக்கும். சிக்கல் திருப்பும்போது தொடங்குகிறது. கழுத்துப் பகுதியின் அகலம் 4 செ.மீ.கூட வராது. கனமான கம்பளி இன்டர்லைனிங் அந்த இடுக்கில் சுருண்டுகொள்ளும். அதற்குப் பயந்து பலரும் அயர்ன் சூட்டில் துணியோடு ஒட்டும் மெல்லிய கேன்வாஸுக்கு மாறுகிறார்கள். கேன்வாஸ் துணியோடு ஒட்டிக்கொண்டதும் கிராஸ் வெட்டின் நெகிழ்வு போய்விடுகிறது. முடிச்சு சப்பையாக விழுகிறது, அவிழ்த்தபின் சுருக்கமும் மறையாமல் நிற்கிறது.

முடிவைத் தீர்மானிக்கும் விஷயம் இழுவை. முடிச்சை இறுக்கும் ஒவ்வொரு முறையும் டை நீளவாக்கில் நீள்கிறது. கிராஸில் வெட்டிய துணியில் இழைகள் சாய்ந்து கொடுக்கும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். மேல் நூலும் கீழ் நூலும் கோத்துக்கொள்ளும் மெஷினின் பூட்டுத் தையலுக்கு அந்த அளவு நெகிழ்வு கிடையாது. துணி நீள நினைக்கும், நூல் விடாது. கழுத்துப் பகுதியில் நூல் பட்டென்று அறுந்துபோகும். அறுகிற அளவுக்கு வலுவற்ற நூலாக இல்லாவிட்டால், முதுகு சுருங்கி முன்பக்கம் அலையலையாக நிற்கும். தையல் நீளத்தை 3 மி.மீ.க்கு மேல் வைத்து, நூல் இறுக்கத்தைக் குறைத்து, 0.5 மி.மீ. அகலத்தில் ஜிக்ஜாக் அடித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி தீராது. ஏனென்றால் அங்கே துணியும் இன்டர்லைனிங்கும் ஒரே தையலில் பூட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே அளவில் நீளாததால் டை மெல்ல முறுக்கிக்கொள்ளும்.

கைத்தையலில் நூலே துணிக்குள் வழுக்கி ஓடுகிறது. செய்முறையில் அவசரம் கூடாது. இன்டர்லைனிங்கின் நடுக்கோட்டைச் சாக்பீஸால் குறித்து, துணியின் நடுவில் படுக்க வையுங்கள். இடப்பக்கத்தை மடித்து, வலப்பக்க ஓரத்தை 1 செ.மீ. உள்ளே திருப்பி அதன்மேல் படியுங்கள். குண்டூசி குத்திப் பெரிய ஓட்டுத்தையல் போட்டு நிறுத்துங்கள். பிறகு டையைவிட 50 செ.மீ. கூடுதலாக ஒரே நூல், மெல்லிய கூர் ஊசி. பட்டு நூல் சிறந்தது. தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் இவ்வளவு நீள நூல் சிக்கலாகாது.

குறுகிய முனையிலிருந்து 7 செ.மீ. தள்ளி, ஒரே இடத்தில் நான்கைந்து குத்து குத்திக் கட்டுத்தையல் போட்டுத் தொடங்குங்கள். மேல் மடிப்புக்குள் ஒன்றேகால் செ.மீ. ஓட்டி, இன்டர்லைனிங்கில் ஒரு சிறு கடி, கீழ்த்துணியில் ஒரு சிறு கடி, மீண்டும் மடிப்புக்குள். ஊசி முன்பக்கத் துணியைத் தொடவே கூடாது. எம்மிங் பழகிய கை தானாக நூலை இறுக்கும், அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஒரு சாண் தைத்ததும் இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். நூல் உள்ளே நகர்ந்து தளர வேண்டும். நடுவில் எங்கும் முடிச்சு போடாதீர்கள், போட்டால் அந்த இடமே புதிய அறுபுள்ளி. அகல முனைக்கு 18 செ.மீ. முன்னால் நிறுத்தி, இன்னொரு கட்டுத்தையல் போட்டு, 2 அல்லது 3 செ.மீ. நூலை வளையமாக உள்ளே விட்டுவிடுங்கள். டை நீளும்போது இந்த உபரி நூல்தான் உள்ளே போகும். இந்தத் தையலுக்கு மட்டும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். தொழிற்சாலைகளில்கூட இந்தத் தளர்ந்த தையலைப் போலவே தைக்கும் தனி மெஷின்களைத்தான் வைத்திருக்கிறார்கள். வீட்டு மெஷினுக்கு அது வராது.

பராமரிப்பில் இடைவெளி இன்னும் பெரிது. கைத்தையல் டை முறுக்கிக்கொண்டால் ஒரு பக்கக் கட்டுத்தையலை வெட்டி, நூலைத் தளர்த்தி, மறுபடி கட்டினால் போதும். அகலத்தைக் குறைக்க நினைத்தாலும் முழுத் தையலையும் பத்து நிமிடத்தில் உருவிவிடலாம், துணியில் தடம் இருக்காது. மெஷின் தையலைப் பிரித்தால் பட்டில், அதிலும் சாட்டினில், ஊசித்துளை வரிசை அப்படியே தெரியும். அதன்பின் அந்த ஓரத்தை உள்ளே தள்ளித் தைப்பதைத் தவிர வழியில்லை, அகலமும் போய்விடும்.

எல்லாத் துணிக்கும் இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். உறுதியான காட்டனில், எப்போதாவது கட்டும் டைக்கோ நாடக உடைக்கோ மெஷின் தாராளமாகப் போதும். கனமான ட்வீட் கம்பளித் துணியில் மடிப்பு மேல் மடிப்பாக வரும் பருமனைப் பார்த்தால் கைத்தையல்தான் வசதி என்று நினைக்கிறேன், ஆனால் பட்டைப் பற்றிச் சொல்லும் அளவு உறுதியோடு அதைச் சொல்ல முடியாது.

எந்த முறையானாலும் ஓரங்களை அயர்ன் பாக்ஸால் அழுத்தித் தேய்க்காதீர்கள். 2 செ.மீ. உயரத்தில் பிடித்து நீராவி மட்டும் காட்டி, கையால் தட்டிவிடுங்கள். ஓரம் உருண்டு நிற்க வேண்டும். பிறகு குறுகிய முனையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். நேராகத் தொங்கினால் வெட்டும் தையலும் சரி. சுழன்றால் முதலில் நூலைத் தளர்த்திப் பாருங்கள். அப்போதும் சுழன்றால் வெட்டியது கிராஸிலிருந்து விலகியிருக்கிறது, அதை எந்தத் தையலும் சரிசெய்யாது.