நான்கு வாயுக் கருவி: திரையில் தெரியும் பூஜ்யத்தை நம்பலாமா?

சுத்திகரிப்பு ஆலைப் பராமரிப்புப் பணியில், சட்டைக் காலருக்கு அருகே மாட்டிக்கொள்ளும் நான்கு வாயுக் கருவி ஒன்றைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ஆக்சிஜன், எரியும் வாயுக்கள், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆகியவற்றை அது ஒரே நேரத்தில் அளக்கிறது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒன்றுக்காகவே இதை வாங்கலாம். இந்த நச்சு வாயுவின் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விலகிக்கொள்ளலாம் என்று அனுபவசாலிகளே சொல்வதுண்டு. உயிரைப் பறிக்கும் நம்பிக்கை அது. ஏறத்தாழ 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். கருவியோ 10 பிபிஎம்மிலேயே ஒலி, ஒளி, அதிர்வு மூன்றாலும் எச்சரிக்கிறது. கம்ப்ரஸர் இரைச்சலில் ஒலி அமுங்கிப்போனாலும், தடித்த பணி உடையையும் மீறி அதிர்வு உடம்பில் தெரிகிறது. கையுறையோடே பொத்தானை அழுத்தலாம்.

என் குறை எரியும் வாயுவுக்கான சென்சாரைப் பற்றியது. வினையூக்கியின் மேல் வாயுவை எரித்து, அந்த வெப்பத்தைக் கொண்டு அளக்கும் வகை அது. சிலிகோன் கலந்த மசகுப் பொருளின் ஆவி பட்டால் செத்துவிடும். செத்த பிறகும் தூய காற்றில் காட்டும் அதே பூஜ்யத்தைத்தான் காட்டும். நைட்ரஜன் நிரப்பிய டேங்கில், எரிய ஆக்சிஜன் போதாததால், நல்ல சென்சாரும் குறைத்தே காட்டும் என்பதால், ஆக்சிஜன் அளவைப் பார்க்காமல் மற்ற எண்ணைப் படிக்கவே கூடாது.

எனவே ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்பு, அளவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்தி அலாரம் அடிக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். அந்தச் சோதனை முடியாமல் இயங்க மறுக்கும் வசதி இந்தக் கருவியிலேயே இருந்தும், அதை அணைத்து வைத்துத்தான் விற்கிறார்கள். சோதனை செய்யாவிட்டால் திரையின் மூலையில் ஒரு சிறு குறி மட்டும் தோன்றுகிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் அதுவும் மறைந்துவிடுகிறது. வசதிக்காக எச்சரிக்கையை முடக்கும் இந்தப் பழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2010இல் 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துரப்பண மேடையில்கூட, உறங்குவோரை எழுப்பிவிடக்கூடாது என்று பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி முடக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் சாட்சியம் வந்தது.

சோதனை வாயு சிலிண்டரைத் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பதும் பெருங்குறை. அது கையில் இல்லாத இடத்தில் சோதனை ஏட்டில் மட்டுமே நடக்கும். வாங்குவோர் சிலிண்டரையும் சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். அந்தத் தடை வசதியை முதல் நாளே இயக்கிவிட்டு, அதன் பாஸ்வேர்டைப் பாதுகாப்பு அதிகாரியிடம் மட்டும் விட்டுவையுங்கள்.