நோட்டேஷன் மென்பொருள் கற்கப் போய் 13,500 ரூபாய் போனது: பாடகர் குழு நடத்துபவர்கள் படியுங்கள்

மதுரை பசுமலைப் பக்கம் ஒரு சபையில் 16 வருஷமாகப் பாடகர் குழு நடத்துகிறேன். குழுவில் 22 பேர். அதில் இசை நோட்டு பார்த்துப் பாடத் தெரிந்தவர்கள் 4 பேர்தான். மற்றவர்களுக்காக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரலின் நோட்டையும் கம்ப்யூட்டரில் எழுதி, சோப்ரானோவுக்கு சோப்ரானோ உரக்கக் கேட்கிற மாதிரியும், டெனருக்கு டெனர் உரக்கக் கேட்கிற மாதிரியும் தனித்தனி ஆடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டே பாட்டைப் படித்துவிடுவார்கள். எழுதிய நோட்டைக் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டுகிற பிளேபேக் ஓடவில்லை என்றால் எங்களுக்குப் பயிற்சியே கிடையாது.

இத்தனை வருஷமும் ஃபினாலே என்ற நோட்டேஷன் மென்பொருளில், அதாவது இசை நோட்டு எழுதுகிற மென்பொருளில்தான் எழுதினேன். அதைத் தயாரித்த மேக்மியூசிக் நிறுவனம், இனி அதை மேம்படுத்தப் போவதில்லை என்று 2024 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. என் பழைய லேப்டாப்பும் தள்ளாட ஆரம்பித்தது. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்ற நிலையில், மதுரைக்குள்ளே ஒரு பயிற்சி மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போனேன். பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன், இதே வித்தை வேறு இடங்களிலும் நடக்கலாம்.

மியூஸ்ஸ்கோர் 4 என்ற நோட்டேஷன் மென்பொருளைச் சொல்லித் தருகிறோம் என்றார்கள். 2 நாள் வகுப்புக்கு 4,500 ரூபாய், 'லைசென்ஸ்' 3,500 ரூபாய். என் பழைய பாட்டுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றப் பாட்டுக்கு 150 ரூபாய். முதலில் 20 பாட்டு கொடுத்தேன், 3,000 ஆயிற்று. "கோரஸ் சவுண்ட் போட்டுட்டா நீங்க எழுதுற வரியையே பாடும் சார்" என்று வகுப்பு எடுத்த தம்பி சொன்னபோது, கிறிஸ்துமஸ் பாட்டு கண்முன் வந்து நின்றது. பாடகர் குழுவின் கணக்கிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டேன். அது காணிக்கைப் பணம். அதுதான் இன்று வரை உறுத்துகிறது.

வகுப்பில் நோட்டு உள்ளிடுவதை ஓரளவு காட்டினார்கள். பிளேபேக் என்று வந்ததும் லேப்டாப் அவர் பக்கம் திரும்பிவிடும். நாலு கிளிக், அவ்வளவுதான். "இது எங்கே இருக்கு தம்பி?" என்று கேட்டால், "அது செட்டிங்ஸ் சார், நீங்க தொட வேண்டாம், பிரச்சினைன்னா கூப்பிடுங்க" என்பார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து முதல் பாட்டை ஓட விட்டேன். நான்கு குரலுக்கு மேலே எழுதாத பியானோ ஒன்று பாட்டு முழுக்கக் கட்டை கட்டையாக அடித்துக்கொண்டே இருந்தது. சோப்ரானோ கேட்கவே இல்லை. போன் செய்தால், "சாதாரண சவுண்ட் பேக்கில் இப்படித்தான் வரும், புரோ பேக் போடணும்" என்று இன்னும் 2,500 வாங்கிக்கொண்டார். பேக் வந்தது, பியானோவும் நின்றது. ஆனால் அடுத்த பாட்டில் மறுபடி வந்துவிட்டது. ஸ்பீக்கரில் பொரிகிற சத்தம் வேறு. "லேப்டாப்பை மாத்துங்க சார்" என்பது அதற்குக் கிடைத்த பதில்.

உண்மையைக் கண்டுபிடித்தது எங்கள் ஆல்டோ பாடுகிற ஒரு கல்லூரிப் பெண். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "அங்கிள், இது ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே, இதுக்கா காசு குடுத்தீங்க?" என்றாள். மியூஸ்ஸ்கோர் டாட் ஆர்க் தளத்தைத் திறந்து காட்டினாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதே பெயரில் டாட் காம் என்று முடிகிற தளம் ஒன்று இருக்கிறது. பிறர் ஏற்றிய நோட்டுகளைப் பார்ப்பதற்கான இடம் அது. அங்கேதான் சந்தாவும் 'புரோ'வும் உண்டு. நாம் எழுதுகிற மென்பொருளுக்கும் அந்தச் சந்தாவுக்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் என்னிடம் காசு பார்த்திருக்கிறார்கள். 'புரோ பேக்' என்று போட்டுத் தந்ததும் மியூஸ் ஹப் செயலி வழியாக இலவசமாகக் கிடைக்கும் மியூஸ் சவுண்ட்ஸ் என்ற ஒலித் தொகுப்புதான். அதில் உள்ள கோரஸ் நம் பாட்டு வரிகளைப் பாடாது, உயிரொலியை நீட்டி இசைக்கும், அவ்வளவே.

அந்தப் பியானோ கதையையும் கேளுங்கள். கிட்டார்காரருக்காக சோப்ரானோ வரிக்கு மேலே ஜி, டி, ஏ மைனர் என்று கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின் பெயர்) எழுதியிருந்தேன். அந்த எழுத்தையும் மென்பொருள் வாசிக்கும். எஃப்10 அழுத்தினால் ஒவ்வொன்றின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சர் வரும். அதில் கார்டுக்கென்றே தனி வரிசை இருக்கிறது, மியூட் செய்தால் முடிந்தது. பிளே பட்டன் பக்கத்தில் இருக்கும் சக்கரக் குறியைத் தொட்டாலும் கார்டை வாசிக்கவா வேண்டாமா என்று ஒரு தேர்வு வரும். ரிப்பீட்டை வாசிக்கவா என்பதும் அதே இடத்தில்தான். அரை நிமிஷ வேலை. இதற்கு 2,500 ரூபாய்.

பொரிகிற சத்தத்துக்கும் லேப்டாப்பை மாற்றத் தேவையில்லாமல் போயிற்று. பிரிஃபரன்சஸில் ஆடியோ பகுதிக்குப் போய் பஃபர் அளவை (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற இடம்) கூட்டினோம், பெரும்பாலும் நின்றுவிட்டது. என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம்தான், மியூஸ் சவுண்ட்ஸ் அதற்குக் கனம். மிக்சரில் அந்த ஒலியை மாற்றி, மென்பொருளோடு வருகிற எளிய ஒலியான எம்எஸ் பேசிக்கைத் தேர்ந்தெடுத்தோம், மிச்சமும் போய்விட்டது. குரல் படிக்க அந்த எளிய ஒலியே போதும், சொல்லப்போனால் சுரம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது. புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டால் சத்தம் சற்றுப் பிந்தி வரும், அது புளூடூத்தின் குணம். வயர் ஹெட்போன் மாட்டிப் பாருங்கள்.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. வகுப்பில் சோப்ரானோவையும் ஆல்டோவையும் ஒரே ஸ்டாஃபில், அதாவது நோட்டு எழுதுகிற ஒரே ஐந்து கோட்டில், எழுத வைத்தார்கள். பாட்டுப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் மிக்சர் வாத்தியத்துக்கு ஒரு வரிசைதான் தரும். ஒரே ஸ்டாஃபில் இருக்கிற இரண்டு குரலைப் பிரித்து ஒன்றை மட்டும் உரக்க வைக்க முடியாது. 9 பாட்டு எழுதிய பிறகுதான் இது புரிந்தது. அத்தனையையும் நான்கு தனி ஸ்டாஃபாக மாற்றி எழுதினேன். பாடகர் குழுவுக்குத்தான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். தொழில் தெரிந்தவர் அதை முதலில் கேட்டிருப்பார்.

பாட்டின் வேகத்தைச் சொல்கிற டெம்போவையும் வெறும் எழுத்தாகத் தட்டச் சொன்னார்கள். அப்படித் தட்டினால் அது தாளில் தெரியும், பிளேபேக் அதைக் கண்டுகொள்ளாது. டெம்போ பேலட்டிலிருந்து (குறிகள் அடுக்கியிருக்கும் பெட்டி) போட வேண்டும், அல்லது ஆல்ட், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். உரக்க, மெதுவாக என்று காட்டும் எஃப், பி குறிகளையும் வெறும் எழுத்தாகத் தட்டாமல் டைனமிக்ஸ் பேலட்டிலிருந்து போடுங்கள்.

பாட்டு மாற்ற 150 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள். ஃபினாலேயிலேயே மியூசிக் எக்ஸ்எம்எல் ஆக, அதாவது மற்ற நோட்டேஷன் மென்பொருள்களும் திறக்கிற ஃபைலாக, ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. புதிய பதிப்புகளில் ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றலாம். சுரமும் வரியும் வந்துவிடும், ஒலி அளவுகளை மட்டும் புதிதாக வைக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

கற்றுக் கொடுத்ததற்குக் கூலி வாங்கியதில் எனக்கு வருத்தமே இல்லை. நானும் கீபோர்டு சொல்லிக் கொடுத்து ஃபீஸ் வாங்குகிறவன்தான். இல்லாத லைசென்ஸுக்குக் காசு வாங்கியதும், சொல்லித் தர வேண்டியதை மறைத்து வைத்து மறுபடி மறுபடி கூப்பிட வைத்ததும்தான் மோசடி. திரும்பக் கேட்கப் போனபோது ரசீதை நீட்டினேன். அதில் 'சாஃப்ட்வேர் சர்வீஸ்' என்ற இரண்டே சொல்தான் இருந்தது, எது எதற்கு எவ்வளவு என்று ஒன்றும் இல்லை. "பயிற்சிக் கட்டணம் திரும்பத் தர மாட்டோம்" என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசப் போகிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுதுவேன் என்றதும் லைசென்ஸ் பணம் 3,500 மட்டும் மறுநாள் வந்தது. மிச்சம் 10,000க்குப் பதில் இல்லை. நீங்கள் யாரிடமாவது பணம் கட்டினால், வகுப்புக்கு இவ்வளவு, மென்பொருளுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதிய பில் கேளுங்கள். மவுஸ் உங்கள் கையில் இருக்கும்படி உட்காருங்கள்.

மதுரைப் பக்கம் உள்ள குழுக்காரர்கள் யாருக்காவது மிக்சரில் குழப்பம் இருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்து லேப்டாப்போடு வாருங்கள். அந்த ஆல்டோ பெண்ணும் இருப்பாள். காசு வேண்டாம்.